மெலாத்தியும் மெராந்திக் கட்டையும்

பக்கத்து வீட்டில் அடுப்படிக்கு அலமாரி அடிக்கிறார்கள். காலையிலிருந்து மரம் அறுக்கிற சத்தம். சத்தம்கூடப் பரவாயில்லை, வாசம்தான் ஆளை இழுக்கிறது. அறுத்த மெராந்தி மரத்துக்கு லேசான புளிப்பு வாசம் உண்டு, தெரியுமோ? அது மூக்கில் ஏறியதும், ரவாங்கில் மகன் வீட்டுச் சோபாவில் இருந்தவள் பழைய உலு யாம் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். பஸ் இல்லாத பயணம்.

எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றபோது நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அதே சமயம், தோட்டத்துக்குப் பின்னால் யானைச் சரணாலயம் ஒன்று திறந்தார்கள். பெயர்தான் பெரிது, இருந்தது ஒரே யானை. எங்களுக்கு நோட்டீஸ், அவளுக்கு வீடு. பொறாமைப்படவில்லை. யானைக்குத் தீனி தயார் செய்யும் வேலை எனக்குத்தானே கிடைத்தது.

அவள் பேர் மெலாத்தி. மலாயில் மல்லிகை என்று அர்த்தம். மூன்று டன் மல்லிகை. காட்டில் மரம் வெட்டும் கம்பெனிக்கு முப்பது வருடம் கட்டை இழுத்தவள். கம்பெனி மூடியதும் சங்கிலியோடு விட்டுப்போன இடத்திலிருந்து மீட்டு வந்தார்களாம். சரணாலயத்து மிருக டாக்டர், சின்னப் பெண், அவள் தும்பிக்கையைத் தடவி, "இனிமே நீ வேலையே செய்ய வேணாம். ரெஸ்ட் எடும்மா" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லையே.

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். தாத்தா ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாம். நல்ல மனசு. மெலாத்திக்குக் கரும்பு, தர்பூசணி, வெல்லம் போட்ட சோற்று உருண்டை என்று விருந்து வைத்தார். மெலாத்தி வாய் வைக்கவில்லை. கரும்பைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வேலியையே பார்த்து நின்றாள். ஐந்து நாள். ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு தெரிய ஆரம்பித்தது. "இப்படியே போனா தாங்காது ஆன்ட்டி" என்று டாக்டர் என் தோளில் சாய்ந்து அழுதார்.

யானையைப் பார்த்துக்கொண்ட சின்னசாமி அண்ணன் மட்டும் சிரித்தார். "சும்மா குந்திச் சாப்புட கூச்சமா இருக்கும் லா அதுக்கு. ஒன்ன மாதிரி."

என்னைக் கிண்டல் செய்யத்தான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று பட்டது. தோட்டம் மூடி மூன்று மாதம் ஆகியும் நான் காலை நாலரைக்கு எழுந்து ரப்பர் பால் வாளியோடு வாசலில் நின்றவள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்போம், வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டு, வேலை முடித்து, அப்புறம்தான் சோறு. முப்பது வருடம் அப்படிப் பழகிய வயிறு திடீரென்று எப்படிப் பசிக்கும்?

மறுநாள் காலை வேலி ஓரம் கிடந்த மெராந்திக் கட்டைக்கு முன்னால் போய் நின்றேன். நான் சத்தமாகப் பேசாதவள். பெரட்டில் பேர் கூப்பிட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். "வாயில ரப்பர் பால் ஒட்டிக்கிச்சா?" என்று மண்டோர் கத்துவார். அன்றைக்கு அந்த மண்டோர் என் தொண்டைக்குள் எங்கிருந்து வந்தாரோ, "மெலாத்தீ! என்னா பராக்குப் பாக்குற? தூக்கு!" என்று ஒரு அதட்டல்.

காது இரண்டும் விரிந்தன. வந்தாள். கட்டையைத் தூக்கினாள். வேலிக்குள் இருந்த களத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், கோணாமல் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிபார்த்தாள். திரும்பி வந்து என் முன்னால் வாயைத் திறந்தாள். ஒரு கூடை கரும்பும் காலி.

மறுநாள் அதே கட்டை அங்கிருந்து இங்கே. அடுத்த நாள் இங்கிருந்து அங்கே. டாக்டர் வருகிறாரா என்று பார்க்க அண்ணன் காவல். டாக்டருக்கோ ஏக சந்தோஷம். "புது மருந்து வேல செய்யுது ஆன்ட்டி!" நான் தலையாட்டினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

ஒருநாள் நன்கொடை கொடுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு டாக்டர் சீக்கிரமே வந்துவிட்டார். களத்தின் நடுவில் மெலாத்தி, வாயில் கட்டை. வந்தவர்கள் ஐயோ என்றார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஆன்ட்டி! இது சரணாலயம். இங்க யாரும் வேல செய்யக் கூடாது!"

தலையில் இருந்த கரும்புச் சுமையை இறக்காமலே, "சரிங்க" என்றேன்.

கட்டையை அறுத்து, வருகிறவர்கள் உட்காரப் பெஞ்சு செய்துவிட்டார்கள். களம் முழுக்க இந்த மெராந்தி வாசம்தான். மெலாத்தி மறுபடி கரும்பை முதுகில் போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் விடியற்காலையில் டாக்டர் தனியாக வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஆன்ட்டி... அந்த மாதிரி ஒரு தடவ கூப்புடுங்களேன்."

"கட்டை இல்லையே, டாக்டர்."

"பெஞ்சு இருக்குல்ல."

அன்றையிலிருந்து மெலாத்தி பெஞ்சைத் தூக்கினாள். வந்தவர்கள் உட்கார இடம் தேடி நடந்தார்கள். வேலியில் பலகை வைத்தார்கள்: 'விளையாட்டுப் பிரியை மெலாத்தி.' வேலை என்றால் பாவம், விளையாட்டு என்றால் டிக்கெட்.

ஆறு வருடம் இருந்தாள். ஒரு காலையில் பெஞ்சைப் பாதி தூரம் கொண்டுபோய், கோணாமல் வைத்தாள். காலால் தட்டவில்லை. நான் அதட்டிப் பார்த்தேன். பிறகு கெஞ்சிப் பார்த்தேன். அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படுத்துவிட்டாள், எழவே இல்லை. அந்தப் பெஞ்சை எடுத்து வைக்க நாங்கள் ஐந்து பேர் சேர வேண்டியிருந்தது.

இப்போது அங்கே வரிசை வீடுகள். சரணாலயமும் இல்லை, பெரட்டுக்களமும் இல்லை. இங்கே எல்லாவற்றுக்கும் மெஷின். "ரெஸ்ட் எடுங்கம்மா" என்று மகன் தினமும் சொல்கிறான். கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான்.

நாலரைக்கு எழுந்து வாசலில் இருக்கும் ஆறு பூந்தொட்டிகளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைக்கிறேன். மறுநாள் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். அப்புறம்தான் பசியாற முடிகிறது. போன வாரம் மருமகள் பார்த்துவிட்டாள்.

"என்னா அத்தை இது, வேலை மெனக்கெட்டு?"

"வேலை இல்லம்மா, விளையாட்டு" என்றேன்.

அதட்டிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.