செம்பட்டி ரோட்டில் பிறந்த பிள்ளை

நிலக்கோட்டை, காலை 9-20

கொடைக்கானலில் ஐந்து நாள் நடுங்கிவிட்டு, நிலக்கோட்டையில் சிநேகிதி வீட்டில் ஒரு நாள் தங்கி, ஊர் திரும்புகிறேன். திண்டுக்கல் வரை பஸ்; அங்கிருந்து நாலு மணி ரயிலில் திருச்சி. பஸ் கட்டணம் எழுபது நயா பைசா. கொடைக்கானலைப் பற்றி எழுதத்தான் நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஏரி, பேரிக்காய், பனிமூட்டம் என்று பதினாறு பக்கம் எழுதியும் விட்டேன். அதெல்லாம் கிடக்கட்டும். கீழே இறங்கிய பிறகு வந்த இந்த இருபது மைலைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு மனது ஆறாது.

பஸ்ஸுக்குள் மனிதருக்கு முன்னால் மல்லிகைப் பூ ஏறிவிட்டது. பின் பக்கத்து நீள சீட்டும் அதன் முன்னால் உள்ள இடமும் கூடைகள்தான். ஒவ்வொரு கூடையின் மேலும் ஈரத்துணி போர்த்தியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உடையவர் ஒரு பூ ஏஜென்ட், மடிப்புக் கலையாத வேட்டிக்காரர். பூ திண்டுக்கல்லில் பஸ் மாறி பழனிக்குப் போக வேண்டுமாம். என் தகரப் பெட்டி கூரைக்குப் போயிற்று. அதில் துணிமணி, ஒரு பாட்டில் தேன், பதினெட்டு ரூபாய்க்கு வாங்கிய கம்பளிச் சால்வை. மே மாதத்துச் சமவெளியில் சால்வைக்கு என்ன வேலை என்று அதை அடியில் மடித்து வைத்திருந்தேன்.

என் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி பேச்சியம்மா, நாற்பது வயதிருக்கும், பூ வியாபாரம். மற்றவள் ராக்கம்மா, அவளோடு சந்தைக்குப் பூ கொண்டு போகிறவள், நிறைமாதம். காலை நாலு மணியிலிருந்து குனிந்து பூப் பறித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இந்த நிலைமையில் பஸ்ஸில் வரலாமா?" என்று கேட்டேன். பதினோரு வருஷமாகப் பெண்கள் பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். கேட்காமல் இருக்க வராது.

"இன்னும் இருபது நாள் கெடக்குன்னாக, டீச்சர். பூவு அது வரைக்கும் காத்திருக்குமா?" என்றாள் ராக்கம்மா.

10-20, செம்பட்டி தாண்டி இரண்டு மைல்

முந்தின இரவு கோடை மழை பெய்திருந்ததால் வெயில் இல்லை. ஜன்னல் வழியே ஈரக்காற்று அடித்தது. ராக்கம்மா என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கண்டக்டர் விசில் ஊதி, ஒரு டீக்கடை எதிரே புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார். ஆண்கள் இறங்கிச் சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். பூ ஏஜென்ட் மட்டும் படியிலேயே நின்றுகொண்டு, "இங்கன வேண்டாம், இங்கன வேண்டாம்! கோயிலுக்குப் போற பூவு. தீட்டுப் பட்டா நான் என்ன பண்ணுவேன்? வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று கத்தினார்.

நடக்கவே முடியாதவளை மூன்று பெண்கள் கைத்தாங்கலாக இறக்கினோம். பஸ்ஸுக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது பிரசவம். ஆண் குழந்தை, நன்றாகவே அழுதது.

அப்போது நான் எவ்வளவு சாமர்த்தியமாக நடந்துகொண்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பேச்சியம்மா பூக் கட்டும் வாழைநாரால் தொப்புள்கொடியைக் கட்டப் போனாள், தடுத்தேன். நூலையும் புது பிளேடையும் டீக்கடை பாய்லர் தண்ணீரில் கொதிக்க வைத்து வாங்கி வரச் சொன்னேன். தொப்புளில் வைக்க யாரோ அடுப்புச் சாம்பல் கொண்டுவந்தார்கள், விரட்டினேன். நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைக்க வந்தார்கள், அதையும் விரட்டினேன். பேச்சியம்மா ஒரு பூக்கூடையின் மேல் கிடந்த வெள்ளை வேட்டித் துண்டை எடுத்து, பிள்ளையை அதில் சுற்றினாள். அது அவளுடைய கூடை; துணி அன்று காலைதான் துவைத்தது. அந்த பஸ்ஸிலேயே அதைப் போல் சுத்தமான துணி வேறு இல்லை.

"நல்லது, சுத்தமாக இருக்கிறது" என்று நானே சொன்னேன்.

10-55, அதே புளியமரம்

"டயம் ஆயிருச்சு, ஏறுங்க" என்றார் கண்டக்டர். ராக்கம்மாவைத் தூக்கப் போனோம். ஏஜென்ட் படியை மறித்தார்.

"பிள்ளை பெத்தவ இந்த வண்டியில வரக் கூடாது. செத்த நேரம் இங்கனயே இருக்கட்டும். மாட்டு வண்டி வரும், போயிக்கிரட்டும்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், ஏஜென்டைப் பார்த்தார். தினமும் வருகிறவர் ஏஜென்ட். நான் ஒரு நாள் பிரயாணி. "டீச்சரம்மா, அவரு சொல்றதுலயும் நாயம் இருக்குல்ல" என்று தலையைச் சொறிந்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தப் பூவைப் பறித்ததே இப்படிப்பட்ட பெண்கள்தானே! பறிக்கும்போது வயிற்றில் இருந்த பிள்ளை வெளியே வந்ததும் தீட்டாகிவிட்டதா? ரத்தம் வடிய ஒருத்தி மண்ணில் கிடக்கிறாள்; நாற்பது பேர் கைகட்டி நின்று மல்லிகைக்காக வருத்தப்படுகிறார்கள். நான் போய் பஸ்ஸுக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்துவிட்டேன். "ஏற்றினால் எழுந்திருக்கிறேன். இல்லாவிட்டால் என் மேல் ஏற்றிக்கொண்டு போங்கள்."

"இதென்ன அநியாயமா இருக்கு? கத்துறதுக்குன்னே டிக்கெட் எடுத்தீகளா?" என்றார் ஏஜென்ட்.

"ஆமாம். எழுபது நயா பைசா" என்றேன்.

இருபது நிமிஷம் வாதாடினோம். கடைசியில் கூடைகளைக் கூரைக்கு மாற்றச் சம்மதித்தார். அதற்கும் கூரையில் இடம் போதவில்லை. என் பெட்டியை இறக்கினால் இரண்டு கூடை வைக்கலாம் என்றார் கண்டக்டர். தாராளமாக இறக்குங்கள் என்றேன். காலியான நீள சீட்டில் ராக்கம்மா படுத்தாள். பிள்ளையைப் பேச்சியம்மா மடியில் வைத்துக்கொண்டாள். என் பெட்டி என் காலடிக்கு வந்தது.

11-20 முதல் 12 வரை

பத்து மைல். அந்தப் பத்து மைலும் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஏஜென்டைப் பற்றி, கண்டக்டரைப் பற்றி, சாலையின் பள்ளங்களைப் பற்றி. எங்கள் உறையூரில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கேயும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்றும் சொன்னேன். முன் சீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள்.

பேச்சியம்மா, காற்றில் துணி உலர உலர, செம்பிலிருந்து கை நனைத்து அதன் மேல் தெளித்துக்கொண்டே வந்தாள். இருபது வருஷமாகப் பூவுக்குச் செய்கிற கை, அதுவாகவே செய்தது. "வாடிரக் கூடாதுல்ல" என்றாள் ஒரு தடவை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஏஜென்டைத் திட்டினேன்.

சின்னாளபட்டி தாண்டும்போது பிள்ளையின் அழுகை சன்னமாகி, பிறகு நின்றது. "தூங்கிட்டான்" என்றாள் பேச்சியம்மா.

ராக்கம்மா படுத்தபடியே கையை நீட்டி அதன் பாதத்தைத் தொட்டாள். "கல்லு மாதிரி சில்லுனு இருக்கே, டீச்சர்" என்றாள். நான் கண்டக்டரிடம் வேகமாக ஓட்டச் சொல்லிக் கத்தினேன்.

திண்டுக்கல், 12-05

பஸ்ஸை ஆசுபத்திரி முன்னாலேயே நிறுத்தினார்கள். அதன் பெயரை எழுதவில்லை. வாசலில் ஒரு குமாஸ்தா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "பிரசவந்தான் ஆயிப்போச்சே, பிறகு பிரசவ வார்டுல எப்படிச் சேக்குறது? பிள்ளை எந்த ஊர்ல பொறந்ததுன்னு எழுத?"

"புளியமரத்தில் பிறந்தது என்று எழுதுங்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கினாள், துணியைத் தொட்டாள், முகம் மாறியது. ஈரத்துணியை உருவித் தரையில் எறிந்தாள். பிள்ளையின் உதடும் காலும் நீலம் பாரித்திருந்தன. தன் முந்தானையால் தலையையும் உடம்பையும் அழுத்தித் துடைத்து, ராக்கம்மாவின் ரவிக்கையை அவிழ்த்து, வெறும் நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையைப் படுக்க வைத்தாள்.

"போத்த ஏதாச்சும் குடுங்க. கம்பளி கிம்பளி இல்லையா இம்புட்டுப் பேர்கிட்ட?"

பெட்டி என் காலடியில்தான் இருந்தது. பஸ்ஸிலும் பத்து மைல் அங்கேதான் இருந்தது. அதற்கு முன், பிள்ளை பிறந்த பிறகு முக்கால் மணி நேரம் கூரையில் இருந்தது. இறக்கச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சாவியை எடுத்து நீட்டினேன். பேச்சியம்மாதான் சாவியை வாங்கித் திறந்து, துணிகளை வாரிப் போட்டு, அடியிலிருந்து சால்வையை உருவினாள்.

மூன்று மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மூன்று அடிக்கும்போது உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. மரத்தடியில் அழுத அதே கனத்த அழுகை. நர்ஸ் எட்டிப் பார்த்து, "சூடு வந்துருச்சு, பால் குடிக்கிறான்" என்றாள். பேச்சியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்பப் பூவுக்குச் செய்யிறத பிள்ளைக்குச் செய்யக் கூடாதா, டீச்சர்?"

"கூடாது. பிறந்த பிள்ளையை ஈரம் போகத் துடைத்து, கதகதப்பாக வைக்க வேண்டும்."

"ஒங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"தெரியும். எட்டாம் வகுப்புப் பாடம்."

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்: "பிறகு ஏன் சொல்லல?"

ஏஜென்டுக்கு நான் இருபது நிமிஷம் பதில் சொன்னேன். குமாஸ்தாவுக்கு வாசலிலேயே பதில் சொன்னேன். இவள் கேட்டதும் குனிந்து, பெட்டியில் கலைந்து கிடந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

ரயிலடி, 3-50

பேச்சியம்மா ஸ்டேஷன் வரை வந்தாள். சந்தைக்குப் போகாமல் கிடந்த தன் கூடைப் பூவில் இரண்டு முழம் கட்டி, அதே வெள்ளைத் துணியை அலசிப் பிழிந்து, அதில் சுற்றி என் கையில் கொடுத்தாள். சால்வை இருந்த இடத்தில் அதை வைத்துப் பெட்டியை மூடினேன்.

ராத்திரி உறையூரில் பெட்டியைத் திறந்தேன். ஒரு பூக்கூட வாடவில்லை.