தடித்த பாய்மரம்

நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில், அதுவும் கணுக்கால் வரைக்கும். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு எட்டு வருடங்களாகக் கடலில் விளையாடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். விண்ட்சர்ஃபிங் என்று பெயர். ஒரு பலகைமேல் நின்று, அதில் நட்ட பாயைக் கையால் பிடித்துக்கொண்டு, காற்று இழுத்த இழுப்புக்குத் தண்ணீர்மேல் ஓடுவார்கள். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய், எந்தப் பாய் வாங்கலாம், எந்தப் பாய்மரம் வாங்கலாம் என்று உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. "கடல் மேடம் வந்துட்டாங்க, எடம் வுடுங்க" என்று ரயிலில் கூட வரும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, எல்லாம் கையேட்டில் இருக்கிறது. ஆளின் எடை, காற்றின் வேகம், தண்ணீரின் தன்மை மூன்றையும் கேட்டால் பாயின் அளவு வந்துவிடும். பாய்மரம்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். மரம் என்று பெயரே தவிர, கார்பன் குழாய். ஒல்லி, தடி என்று இரண்டு வகை. தண்ணீர் தட்டையாக இருந்தால் தடி. விறைப்பாக நின்று வேகம் கொடுக்கும். குட்டை அலைகள் ஓயாமல் குத்தும் விரிகுடா என்றால் ஒல்லி. அது வளைந்து வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், பிடித்திருப்பவர் கைக்கு விடாது. எனக்கு இது மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்தும் தப்புச் செய்தேன்.

போன வருடம் ஒரு பெரியவர் எழுதினார். வடக்கே ஏதோ குளிர்நாடு. எழுபதைத் தொட்டவர், தோளில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடமாகப் பலகையைத் தொடவில்லையாம். வீட்டின் முன்னாலேயே விரிகுடா. "இந்தப் பருவத்தில் காற்று சில வாரங்கள்தான் இருக்கும். ஒரு தடவை முயன்று பார்க்கப் போகிறேன். முடியவில்லையென்றால் பலகையைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் சரியானதாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். எட்டு வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மற்றவர்கள் தள்ளுபடி உண்டா என்று கேட்பார்கள்.

பாயை எளிதாக முடித்தேன். தோள் பலவீனம் என்பதால் அவர் கேட்டதைவிட ஓர் அளவு சின்னது, ஐந்து புள்ளி மூன்று சதுர மீட்டர். அந்தப் பாய்க்கு ஒல்லியும் பொருந்தும், தடியும் பொருந்தும். "இரண்டில் நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டார். கையேட்டைப் பார்த்து ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. ஆனால் என்னை நம்பி ஒருவர் கேட்டுவிட்டார் அல்லவா, எனக்குத் தலை கால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பேத்தமங்களா ஏரிக்குப் போனேன். அலையை ஆராயப் போகிறேனாம்!

அப்பா சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் பாறை சரியாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார். ஏரிக்கரை மேட்டில் ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அந்த மூச்சுக்குப் பீடிதான் காரணம் என்று யாரோ ஒரு டாக்டர் என்றைக்கோ சொல்லியிருக்கிறார். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவரோடு வேலை செய்தவர்களில் பீடியை மோந்தும் பார்க்காதவர்களுக்கும் அதே இருமல், அதே இளைப்பு. சுரங்கத்துத் தூசி என்று ஊருக்கே தெரியும். அப்பாவிடம் மட்டும் சொல்ல முடியாது, "நாம பண்ணதுக்கு நாமதாம்மா அனுபவிக்கணும்" என்பார்.

கரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். காற்றில் ஏரி சின்னச் சின்னதாகக் குத்திக்கொண்டிருந்தது.

"அவருக்கு எம்மாம் வயசு?"

"உன் வயசுதான்பா."

"தோளு வேற போயிடுச்சுன்ற. அப்புறம் இன்னாத்துக்கு யோசிக்கிற? தடியா கீறத குடு."

"ஒல்லிதான் வளைஞ்சு குடுக்குமாம்பா."

"வளைஞ்சு குடுக்கிறத நம்பி ஒரு ஆள நிக்க வெப்பியா? பாறை எறங்கினா ஒல்லி முட்டு இன்னா ஆவும் தெரியுமா? ஆளு வீக்கா இருந்தா முட்டு தடியா இருக்கணும்மா."

அப்பாமேல் பழி போட நான் இதை எழுதவில்லை. அவர் சொல்லும் முன்பே எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினாலும் தடியாகப் பார்ப்போம், துணி காயப்போடும் கொடியையும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவோம். தலைக்குமேல் பாறை இருந்தவர்களின் புத்தி அது. அந்தப் பெரியவர் தலைக்குமேல் வெறும் ஆகாயம்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. திங்கட்கிழமை போய், "தடித்த பாய்மரம், நானூற்று முப்பது சென்டிமீட்டர். நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்" என்று எழுதினேன். எழுதியபோது நெஞ்சு நிறைந்திருந்தது.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. நல்ல காற்று வந்த நாளில் இறங்கியிருக்கிறார். "பத்து நிமிடம் தாங்கினேன். ஒவ்வொரு சின்ன அலைக்கும் கையில் உதறல், தோள் வழியாகப் பல் வரைக்கும். முன்பெல்லாம் இப்படி இருந்ததே இல்லை. கரையேறி மணலில் படுத்துக்கொண்டேன். உங்களுக்கு நன்றி. நல்ல பொருளாகத் தேர்ந்து கொடுத்தீர்கள், அதனால் குறை என் உடம்பில்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. பலகையை இந்த வாரக் கடைசியில் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதி, என் பதிலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

கையேட்டைத் திறந்தேன். எனக்கு மனப்பாடமான அதே பக்கத்தில், "குத்தும் அலையில் தடித்த மரம் ஒவ்வொரு அடியையும் கைக்குக் கொண்டுவரும்" என்று இருந்தது. அவர் உடம்பில் குறை ஒன்றுமில்லை. ஒல்லி மரமாக இருந்திருந்தால் ஒரு மணி நேரம் ஓடியிருப்பார், அடுத்த பருவத்துக்குக் காத்திருப்பார். உடனே தட்டச்சு செய்தேன்: "ஐயா, உங்கள் உடம்பு முடிந்துவிடவில்லை. நான் தவறான மரத்தைச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து பலகையைக் கொடுக்காதீர்கள்."

தவறை ஒப்புக்கொள்ளும் பதிலை நாங்களாக அனுப்ப முடியாது, டீம் லீடர் பார்த்துச் சரி என்றால்தான் போகும். அவர் ஓசூர்ப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கெட்டவர் இல்லை.

"மேடம், கஸ்டமர் ஹாப்பியா ஃபைவ் ஸ்டார் குடுத்திருக்காரு. நீங்களே போய் தப்புன்னு சொல்லுவீங்களா?"

"அவர் பலகையைக் குடுத்துடப் போறாருங்க."

"அது அவரோட டிசிஷன். இது மேல போச்சுன்னா ரெண்டு பேரும் பதில் சொல்லணும். டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுங்க, ப்ளீஸ்."

நான் சண்டை போட்டிருக்கலாம். பெரியவருடைய மின்னஞ்சல் முகவரி திரையில்தான் இருந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து என் கைப்பேசியிலிருந்து ஒரு வரி அனுப்பியிருக்கலாம். பேனாவைக்கூட எடுத்தேன். இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு வேலை எங்கே என்ற பயம் வந்தது. திரையில் எழுதியிருந்த பதிலை அழித்தேன். டிக்கெட்டை, அவர் கேள்வியும் என் பதிலும் இருந்த பக்கத்தை, மூடினேன். மூடிய டிக்கெட்டில் இருக்கும் முகவரி எங்கள் கண்ணுக்குத் தெரியாது. மூடும்போதே அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று இரவு ரயிலிறங்கி ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஐந்து வாரமாகத் தினமும் கேட்கிற கேள்விதான்.

"அந்தப் பெரியவரு எழுதினாராம்மா? மரம் தாங்குச்சா?"

"தாங்குச்சுப்பா."

"நான் சொன்னேன்ல?" முகமெல்லாம் சிரிப்பு. எத்தனையோ வருடமாக யாரும் அவரிடம் முட்டுக் கொடுப்பதைப் பற்றி யோசனை கேட்டதில்லை. "ஆளு எப்படி கீறாராம்?"

"நல்லா இருக்காராம்."

இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார், சிரிப்பு இருமலாக மாறிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் நிமிர்ந்து, தப்பை ஒத்துக்கொள்கிறவர்போல என்னைப் பார்த்தார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன பீடி" என்றார்.

"ஆமாம்பா" என்றேன்.