பத்தாம் வகுப்பு வாசலில் ரெஜினா டீச்சர்

ஞாயிறு காலை ஆப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் போன் செய்தார். "ஜமீலா, நம்ம ரெஜினா பூசைக்குக் கெளம்பும்போது நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அப்புறம் எழுந்திரிக்கவே இல்லம்மா." நான் அழுதேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சிய அவர், கொஞ்சம் தயங்கி, "பத்தாவதுக்கு இங்கிலீஷ் இனிமே நீதான் பாக்கணும். வேற யாரு இருக்கா?" என்றார். யா அல்லா! துக்கத்தை இடித்துத் தள்ளிவிட்டுப் பயம் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் பள்ளியை அறிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ரெஜினாவும் நானும் தமிழ் வழியில் படித்தவர்கள். பாடத்திட்டம் மாறி, எல்லாமே ஆங்கிலம் என்று ஆனபோது ஆசிரியர் அறையே கிலி பிடித்துக் கிடந்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதோடு ஒதுங்கிக்கொண்டேன். பத்தாவதை ரெஜினா கேட்டு வாங்கிக்கொண்டார். "உங்களுக்குப் பயமா இல்லியா டீச்சர்?" என்றேன். "பயமாத்தான் இருக்குடி. யாராச்சும் போய்த்தான ஆவணும்?" என்றார்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியங்களைப் பிரித்துக் கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பலகையில் வாக்கியத்தை எழுதி, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒருத்தியை எழுந்து நிற்கச் சொல்வார். ஒருத்தி மட்டும் நின்றால் சிம்பிள். இரண்டு பேர் தனித்தனியே காலூன்றி நின்று கை கோத்துக்கொண்டால் காம்பவுண்ட். ஒருத்தி இன்னொருத்தி தோளில் சாய்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். தோள் கொடுத்தவளிடம் "நீ நவுந்துக்கோ" என்பார். சாய்ந்திருந்தவள் தள்ளாடுவாள். "பாத்தீங்களா, இவளால தனியா நிக்க முடியல!" வகுப்பே சிரிக்கும். வராந்தாவில் போகிற நானும் நின்று பார்ப்பேன்.

ஒருமுறை ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். துணைக்கு என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். மீனாவும் ஸ்டெல்லாவும் கடற்கரைக்குப் போனார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய ரெஜினா, நடுவில் கிடந்த 'அண்ட்'டைப் பார்த்துவிட்டுப் பதற்றத்தில் காம்பவுண்ட் என்று சொல்லிவிட்டார். முதல் பெஞ்ச் சந்தியா சும்மா இருப்பாளா? "டீச்சர், வெர்ப் ஒண்ணுதான இருக்கு? ஒருத்திதான எழுந்திரிக்கணும்?" அதிகாரி தலையை நிமிர்த்தினார். ரெஜினா பலகையைப் பார்த்தார். "ஆமாண்டி, நான் சொன்னது தப்பு. இது சிம்பிள்தான்" என்று அழித்து எழுதினார். பிறகு ஆசிரியர் அறையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் அவர் கை உதறியது. "இன்னிக்கி செத்தேன்னு நெனச்சேன் ஜமீலா" என்றார். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சொல்லை நினைக்கவே முடியவில்லை.

அடக்கத்தன்று கல்லறையில் எல்லோரும் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் மேல் மண் விழுகிற நேரத்தில் என் மனம் 'பிகாஸ்' வந்தால் என்ன வகை, 'ஆல்தோ' வந்தால் என்ன வகை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தது. சீ, என்ன மனுஷி நான்! எதிரே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சீருடையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். பொதுத் தேர்வுக்கு அவர்களை நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் அந்த வகுப்புக்குப் போனேன். ஒரு வாக்கியத்தை எழுதினேன். வரி கோணிக்கொண்டு கீழே இறங்கியது. என்ன வகை என்று கேட்கத் திரும்பினால் குரல் வரவில்லை. சாக்பீஸ் கையிலேயே ஒடிந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சந்தியா எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க டீச்சர். ரெஜினா டீச்சரும் தெனம் வாசல்லயே நின்னு தண்ணி குடிச்சிட்டுதான் உள்ள வருவாங்க. கை இப்டிதான் நடுங்கும். நாங்க பாக்காத மாதிரி குனிஞ்சிப்போம்."

ரெஜினாவின் பயம் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒரு பிள்ளைகூட அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாடத்தை நடத்தினேன்.

ரெஜினாவின் கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடுக்கத்தைத்தான். அது இன்னும் போகவில்லை. தினமும் வாசலில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன். உள்ளே பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாதது போல நுழைகிறேன்.