ஜெர்மன்காரன் போடாத திருகாணி

ஊரார் அவருக்கு வைத்த பெயர் மீட்டர்காரர். பதினெட்டாம் வயதில், லாரிகளின் வேகமானிகளைப் பழுது பார்க்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பல் தேய்ந்த சின்னஞ்சிறு சக்கரங்களை இடுக்கியால் பிடித்து மாற்ற அங்கேதான் பழகினார். முப்பதாம் வயதில், மகள் பிறந்த அதே ஆண்டில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் பத்தடிக்கு எட்டடியில் சொந்தமாக ஒரு கடை பிடித்தார். 'இங்கு எல்லா வகை மீட்டர்களும் பழுது பார்க்கப்படும்' என்று வாசலில் ஒரு பலகை தொங்கியது. பலகை சொன்னது பொய்யில்லை. பாதியைத்தான் அது சொன்னது.

மீதிப் பாதி, மீட்டரை இறக்குவது. இரண்டு லட்சத்தைத் தாண்டி ஓடிய வண்டியைப் பழைய கார் வியாபாரி பின்வாசல் வழியாகக் கொண்டுவருவார். போகும்போது அது அறுபதாயிரம் ஓடிய வண்டியாகப் போகும். இந்தத் தொழிலுக்குள் அவர் எப்போது இறங்கினார் என்பதைப் பற்றிக் குடும்பத்தில் இரண்டு கூற்றுகள் உண்டு. மகளின் கல்லூரிச் செலவுக்காக இறங்கினார் என்பது ஒன்று; அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டார் என்பது மற்றொன்று. அவரது நோட்டின் முதல் பக்கத்துத் தேதியைப் பார்த்தால், இரண்டாவதே சரி.

அந்த நோட்டு பயத்தினால் பிறந்தது. இறக்கிய வண்டி இரண்டு ஆண்டு கழித்து வேறொரு வியாபாரியின் கையால் மறுபடியும் வரும். போன தடவை எந்த எண்ணில் நிறுத்தினோம் என்று தெரியாமல் கை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி எழுதினார்: அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் கடைசி ஆறு இலக்கம், வந்தபோது ஓடியிருந்த கிலோமீட்டர், போனபோது காட்டிய கிலோமீட்டர், தேதி. மணிமணியான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அவர் கடைக்கு அதிகம் வந்தவை பழைய ஜெர்மன் கார்களே. முதலில் ஓர் ஆலை முதலாளி வாங்குவார். அவரிடமிருந்து மருத்துவர், மருத்துவரிடமிருந்து ஒப்பந்தக்காரர், அவரிடமிருந்து கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விடுபவர். மனிதர்களுக்கு ஆண்டு போகப் போக வயது ஏறும். அந்த வண்டிகளுக்கோ கை மாற மாற இறங்கும்.

அவற்றில் ஒரு மாடல் வேறு வகை. அதன் பிரேக்குக்குப் பின்னால் மின்சாரத்தில் ஓடும் பம்பு ஒன்று உண்டு. மிதியை எத்தனை முறை மிதித்தார்கள் என்பதை அந்தப் பம்பே எண்ணிக்கொள்ளும். குறித்த எண்ணிக்கை வந்ததும் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரியும். பம்பைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். புதிய பம்பின் விலையைக் கேட்டால் வியாபாரிக்குத் தலை சுற்றும். மடிக்கணினியை வண்டியோடு இணைத்து எண்ணிக்கையை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். பம்பு மட்டும் அதே கிழட்டுப் பம்பாக இருக்கும். அவர் அதையும் செய்தார். முதல் முறை செய்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார் என்று அவர் மனைவி சொல்வாள். ஏழாவது முறை வயிறாரச் சாப்பிட்டார்.

கண் சற்று மங்கியதும் கடையை மூடினார். நோட்டும் மடிக்கணினியும் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டிக்குள் போயின.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுபவர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். சிறு வயதில் பழைய நாட்காட்டியிலிருந்து கிழித்த ஒரு ஜெர்மன் கார் படத்தைப் பாடப்புத்தகத்துக்கு அட்டையாகப் போட்டவர். அந்தக் கம்பெனியின் வரலாறு முழுக்க அவருக்கு மனப்பாடம். போரில் தொழிற்சாலை தரைமட்டமானது, மிச்சமிருந்த தொழிலாளர்கள் செங்கல்லைத் தட்டித் தட்டி மறுபடி எழுப்பியது, கதவு சாத்தும் ஓசை ஒன்றுக்காகவே தனியாக ஆள் வைத்திருப்பது என்று, கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டார். பதினோரு ஆண்டு ஆசைப்பட்டு, ஒருவழியாக அந்தக் கார் ஒன்றை வாங்கினார். எத்தனையாவது கை என்று யாரும் கேட்கவில்லை. மீட்டர்காரர் மட்டும், பழைய வண்டி எதற்கு என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அதை மாப்பிள்ளை மறக்கவில்லை.

வாங்கிய இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை, மகளையும் நான்கு வயதுப் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை மலைக்குக் கிளம்பினார். வழியில் மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. இரண்டரை மணிக்குப் புறப்பட்டால் இருட்டுவதற்குள் மேலே போய்விடலாம் என்பது திட்டம். மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள்.

சாப்பிடுவதற்கு முன்பே மாப்பிள்ளை மாமனாரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப்போய் முன்மூடியைத் தூக்கினார்.

"பாருங்க மாமா. எல்லாமே ஒரிஜினல். ஒரு டாக்டர் கையிலயே இருந்த வண்டி. இந்தத் திருகாணியப் பாருங்களேன். மத்ததெல்லாம் இரும்பு, இது ஒண்ணு மட்டும் பித்தளை. பிரேக் பக்கம் துரு ஏறக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்டிருக்கான் ஜெர்மன்காரன். நம்மாளு போடுவானா?"

மீட்டர்காரர் குனிந்து பார்த்தார். பம்பின் மேல்மூடியில் இருந்த அந்தத் திருகாணியை ஜெர்மன்காரன் போடவில்லை. பம்பைத் திறந்து பார்க்கையில் அசல் திருகாணியின் தலை தேய்ந்து உடைந்த அன்று, பழைய லாரி மீட்டர் ஒன்றிலிருந்து கழற்றி அவரே போட்டது. பொருத்தமாக உட்கார்ந்ததே என்று அன்று தமக்குத் தாமே மெச்சிக்கொண்டதும், பிறகு எண்ணிக்கை அழித்த ஒவ்வொரு பம்பிலும் அதே மாதிரி ஒன்றை அடையாளமாகப் போட்டதும் நினைவுக்கு வந்தது. முன்கண்ணாடியின் மூலையிலும் பொறித்திருந்த அந்த அடிச்சட்ட எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலுக்கடியில் தவழ்ந்து பெட்டியை இழுத்தார்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் வரி இருந்தது. வந்தபோது இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம், போனபோது அறுபத்தோராயிரம். அதன் கீழே, பிரேக் எண்ணிக்கை அழித்தது. அதற்கும் கீழே வேறு மையில், வேறு தேதியில், மறுபடியும் அழித்தது. ஆக அந்தப் பம்பு தன் ஆயுளை ஒரு தடவை முடித்து, இரண்டாம் தடவையும் முடித்துவிட்டு, மூன்றாவதில் ஓடிக்கொண்டிருந்தது. சமதரையில் அது நின்றுபோனால் எப்படியோ உருட்டி ஓரங்கட்டிவிடலாம். நாற்பது வளைவுகளில், இறக்கத்தில், பின்னிருக்கையில் பேத்தியோடு.

அப்போது மணி ஒன்று ஐந்து.

முதலில் சுற்றி வளைத்துப் பார்த்தார். மலையில் பனிமூட்டமாம், பேருந்தில் போனால் என்ன என்று சாப்பாட்டின் நடுவே கேட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, மாமாவுக்கு ஆரம்பத்திலிருந்தே நம் வண்டியைக் கண்டால் ஆகாது என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். சோற்றில் கை வைத்தபடி மீட்டர்காரர் பிரேக்கைப் பற்றி வாயெடுத்தார். மாப்பிள்ளையிடம் அதற்கும் பதில் இருந்தது. கணினி வைத்து முழு வண்டியையும் சோதித்துத்தான் வாங்கினாராம்; ஒரு பிழையும் காட்டவில்லையாம். பிழை காட்டாதபடி துடைத்த கை எதிரே மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

மகள் அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "அப்பா, அவரு ஆசையா வாங்கினது. நீங்க ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாம். வாய மூடிட்டு இருங்க, அது போதும்."

சொல்லிவிடலாம் என்று அங்கேயே தோன்றியது. நேர்மையான மீட்டர் ரிப்பேர்காரரின் மகள் என்று அவள் பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். அந்தச் சான்றிதழ் இன்னும் கூடத்துச் சுவரில் தொங்கியது. மென்று விழுங்கிவிட்டார்.

அடுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். வீடு கலங்கியது. மனைவி முதுகைத் தடவினாள், பேத்தி அழுதாள். மாப்பிள்ளை ஒரு நொடியும் வீணாக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க மாமா, நம்ம வண்டிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். பத்தே நிமிஷம். ஜெர்மன் வண்டி" என்றார். மீட்டர்காரர் எழுந்து உட்கார்ந்து, வாய்வுதான், சரியாகிவிட்டது என்றார். மனைவி மட்டும் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். நாற்பது ஆண்டு கூட வாழ்ந்தவளிடம் நடிப்பு எடுபடவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு மாப்பிள்ளை சற்றுக் கண்ணயர்ந்தார். பேத்தி பொம்மையோடு தாத்தாவின் பின்னாலேயே சுற்றினாள். மீட்டர்காரர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார். மடிக்கணினியையும் நோட்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு, பேத்தியைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, மிதிக்கு மேலிருந்த துளையில் கம்பியைச் செருகினார். பேட்டரியைக் கழற்றிவிட்டால் மெக்கானிக் வந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவான். அழித்த எண்ணிக்கையைத் திரும்ப ஏற்றிவிட்டாலோ சிவப்பு விளக்கு எரியும். ஜெர்மன்காரனே போகாதே என்று சொன்னதாகிவிடும். தாம் வாய் திறக்க வேண்டியதில்லை.

கருவி இணைந்தது. எண்ணிக்கை வந்தது. அதை மாற்றும் கட்டத்தில் பெரிய எண்ணைத் தட்டினார், திரை ஏற்கவில்லை. மறுபடி தட்டினார். வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. மூன்று முறை தோற்ற பிறகுதான் தெரிந்தது: அவர் வைத்திருந்த கருவிக்கு இறக்க மட்டுமே தெரியும். ஏற்றித் தரும்படி இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட அவரிடம் வந்ததில்லை. அவரும் முயன்று பார்த்ததில்லை.

"தாத்தா, எப்ப கிளம்புவோம்?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

நிமிர்ந்தபோது கதவோரம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். முகத்தில் தூக்கம் இல்லை.

"என்ன மாமா பண்றீங்க என் வண்டில?"

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு அப்போதும் ஒரு பொய் சொல்ல இடமிருந்தது. மீட்டர் சரிபார்க்கிறேன் என்றால் போதும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஒரு பொய்தான் சோறு போட்டது. அவர் மடியிலிருந்த நோட்டை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். 

மாப்பிள்ளை நின்றபடியே படித்தார். ஆறு இலக்கத்தை முன்கண்ணாடி மூலையில் ஒப்பிட்டார். மறுபடி படித்தார்.

"இது உங்க கையெழுத்து."

"ஆமா மாப்பிள்ளை."

"அந்தத் திருகாணி?"

"நான் போட்டது."

மாப்பிள்ளை பின்கதவைத் திறந்து குழந்தையைப் பொம்மையோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கையால் பக்கங்களைப் புரட்டினார். லென்ஸில் கீறல் தேடும் பார்வை. "பிரேக்குன்னு எழுதின வண்டி எத்தனை?"

"இதோட ஏழு."

"மீதி ஆறும் எங்க இருக்கு?"

 தெரியாது என்று தலையை அசைத்தார். அதற்குள் மகள் வாசற்படிக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, இழுவை வண்டிக்குத் தொலைபேசியில் சொல்லப் போனார். அவள் ஒரு பக்கம் படித்தாள், இரண்டு பக்கம் படித்தாள். பிறகு கூடத்துக்குள் போய், சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றிக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பேருந்து ஏறும்வரை அவரிடம் அவள் பேசவில்லை. இதை எழுதும் நாள்வரையும் பேசவில்லை.

பம்பைக் கழற்றிய பட்டறையில், இன்னும் நூறு மிதி தாங்கியிருக்காது என்று சொன்னதாக மாப்பிள்ளை மாமியாருக்குத் தெரிவித்தார். மாமனாரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலையே மீட்டர்காரர் ஆறு எண்களையும் ஒரு தாளில் எடுத்தெழுதிக்கொண்டு வியாபாரிகளைத் தேடிப் புறப்பட்டார். ஒருவர் செத்துப்போயிருந்தார். ஒருவர் அடிக்க வந்தார். ஒருவர் மட்டும் பழைய ரசீதுகளைத் தேடித் தந்தார். அதன்மூலம் இரண்டு வண்டிகள் கிடைத்தன. மூன்றாவது, கழிவு இரும்புக் கடையில் நசுங்கிக் கிடந்தது. அது நசுங்கும்முன் என்ன நேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மூன்று பாக்கி. தினமும் காலையில் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரிய சாலைச் சிக்னலுக்குப் போகிறார். அந்த மாடல் வந்து நின்றால், குனிந்து முன்கண்ணாடி மூலையைப் படிக்கிறார். பிச்சை என்று நினைத்துச் சில்லறை நீட்டுகிறார்கள். திருடன் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு கறுப்பு வண்டியின் எண்ணில் முதல் நான்கு இலக்கம் ஒத்துப்போயின. கண்ணாடிக்குள் வெயில் பட்டு மீதி இரண்டும் தெரியவில்லை. "முன்மூடியத் தொறங்க, ஒரு பித்தளைத் திருகாணி இருக்கான்னு மட்டும் பாத்துடறேன்" என்று கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சினார். ஓட்டியவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள் அவரைப் பார்த்துச் சிரித்தன. பச்சை விழுந்தது.