பூட்டிய வீட்டுப் புழுக்கள்

அப்போது நன்னிலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடந்தன. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் கணவரும் சிங்கப்பூரில்தான் இருந்தார். லீவில் வந்தபோது ஒரு மீன்தொட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனார். போன் செய்தால் என்னை விசாரிப்பதற்கு முன் கப்பி மீன்களை விசாரிப்பார்.

கடையில் விற்கும் தீனி எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டிய வீடுகளின் கொல்லைத் தொட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்கி, கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. தினமும் ஒவ்வொரு கொல்லையாகத் திறந்து, டீ வடிகட்டியால் அள்ளி, ஒரு வாளியில் சேர்த்து, அதன் வாயைத் துணியால் கட்டி வைப்பேன். மீன்கள் கொழுகொழுவென்று பெருகின.

கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் பெண் ஒருநாள் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

"தெருவுல எங்கயும் புழு இல்ல. நீங்க மட்டும் வாளி நிறைய வளக்குறீங்க" என்று சுவரில் குறிப்பு எழுத சாக்பீஸை எடுத்தாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "தெருவுல ஏன் இல்லன்னு நெனக்கிறீங்க? நான்தான் அள்ளிட்டு வந்திருக்கேன். உள்ள வந்து பாருங்க."

ஒரு வடிகட்டிப் புழுவை அவள் கண்ணெதிரே தொட்டியில் தட்டினேன். மீன்கள் மொய்த்தன. ஒரு நிமிஷத்தில் தண்ணீர் சுத்தம்.

அவள் சாக்பீஸைப் பைக்குள் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நாலு மீன் குடுங்களேன். எங்க வீட்டுத் தொட்டியிலயும் புழு கெடக்கு."