கல்தொட்டியில் கால் கழுவிய கதை

என் மகள் இந்தக் கதையை நாங்கள் குடியிருக்கும் ஹரோவில் எல்லா வீட்டிலும் சொல்லி முடித்துவிட்டாள். போன ஞாயிறு இல்ஃபோர்டிலிருந்து மருமகனின் அக்கா வந்ததும், யப்பானுக்குச் சுற்றுலா போனபோது எடுத்த படங்களை டிவியில் போட்டு மறுபடியும் தொடங்கினாள். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. நடந்ததை நானே எழுதுகிறேன்.

அது ஒரு பழைய கோட்டை ஊர். அகழி நிறையத் தண்ணீர். சாந்து பூசாமல் அடுக்கிய கருங்கல் மதில், அதற்கு மேல் வெள்ளைச் சுவரோடு மரக்கோட்டை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதைக் கேட்டதுமே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. கழற்றியும் விட்டேன். உள்ளே படிகள் ஏணி போல நின்றன.

"அம்மா, உங்களுக்கு ஏலாது. இந்த வாங்கில இருங்கோ, அரை மணித்தியாலத்தில வாறம்" என்று மகள் படிக்குப் பக்கத்தில் கிடந்த நீள இருக்கையைக் காட்டினாள்.

ஏலுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹரோ வீட்டில் அவளுடைய உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறேன். அதற்கு மட்டும் எனக்கு ஏலும்.

ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். ஒருவரையும் காணவில்லை. எழும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். அந்தக் காலத்துப் போர்வீரர்கள் குடியிருந்த தெரு, இரண்டு பக்கமும் மண்மதில். எதிரி நேரே ஓடி வராதபடி தெருவை மூலைக்கு மூலை வளைத்திருக்கிறார்கள் என்று மருமகன் காலையில் சொல்லியிருந்தார். கடைசி வளைவில் ஒரு கோயில். வாசலில் கல்தொட்டி, மூங்கில் குழாயால் தண்ணீர் விழுந்தது, பக்கத்தில் நீளப்பிடி அகப்பை. கால் கழுவாமல் கோயிலுக்குள் போய் எனக்குப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் அள்ளி ஊற்றினேன்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கிழவர் வந்தார். ஏசவில்லை. அகப்பையை வாங்கி, இடக்கை, வலக்கை, பிறகு வாய் என்று கழுவிக் காட்டினார். நானும் அப்படியே செய்தேன். அவர் குனிந்தார், நான் கும்பிட்டேன். அவ்வளவுதான். அதற்குள் என்னைத் தேடி வந்த மகள் என் ஈரக் காலைக் கண்டு ஓடிவந்து, அவரிடம் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டபடி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சனம் வாய் கொப்பளிக்கிற தண்ணியில காலைக் கழுவிக்கொண்டு நிக்கிறா, மச்சாள்!" என்றாள் மகள், போன ஞாயிறு டிவிக்கு முன்னால்.

"ஐயோ மாமி! நல்ல காலம், குளிக்கேல்லை!" என்று மருமகனின் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மருமகனும் சிரித்தார். அந்தக் கோயில் கிழவர் அந்நிய மனிதர், அவர் சிரிக்கவில்லை. நான் பெற்றது சிரித்தது.

"நான் ஏன் அங்க தனிய நிண்டனான் எண்டதையும் சொல்லு பிள்ளை" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"அம்மா, பகிடிக்குத்தானே..." என்று மகள் அதை விளையாட்டாக்கப் பார்த்தாள்.

"தெரியாத ஊரில தாயை வாங்கில விட்டிட்டுப் போனது பகிடியோ? ஏலுமோ எண்டு என்னட்டைக் கேட்டனியோ?"

"கேக்கேல்லை" என்றாள், கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு.

கேட்டிருந்தால் உச்சி வரை போயிருப்பேனோ, பாதியில் திரும்பியிருப்பேனோ, தெரியாது. அதை என் கால் சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சை மாற்ற அவள் அடுத்த படத்தைத் தட்டினாள். கோட்டை உச்சியிலிருந்து எடுத்தது. கீழே ஊர் முழுக்கக் கறுத்த ஓட்டுக் கூரைகள்.

"நிப்பாட்டு" என்றேன். "அங்க காட்டாததை இங்க டிவியில காட்ட வேண்டாம்."