வெள்ளிக்கிழமைப் பச்சைக் குடம்

"அந்தப் பொண்ணு காலைலேர்ந்து ஒரு சொட்டு பிளாஸ்டிக்க ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்குது. தூங்க வெக்குதா, எழுப்புதா?"

எங்கள் குடம் கம்பெனியின் ஜன்னலுக்கு வெளியே யாரோ சொன்னது காதில் விழுந்தது. எட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் என் தொழிலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. உருகிய பிளாஸ்டிக்கை, எங்கள் பேச்சில் உருக்கை, இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அசைத்து, அது எப்படி முரண்டு பிடிக்கிறது என்று அளக்கும் கருவி ரியோமீட்டர். நாங்கள் உருக்கும் பழைய பிளாஸ்டிக்கில் இரண்டு வகை கலந்திருக்கும். உருக்கிக் கலக்கினால் ஒன்றாகிவிட்டதுபோல் நடிக்கும். உள்ளே ஒன்று மற்றொன்றில் துளித்துளியாக மிதக்கும். துளிகள் பொடியாக இருந்தால் குடம் உறுதி. ஒன்றுகூடிப் பெரிதானால் வெங்காயம்போல் உரியும். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது பேந்தப் பேந்த விழிக்கும் என் இனத்தவரே, உங்களுக்குப் புரியும்.

மெதுவாகத்தான் பேசும்

வேலூர்ப் பக்கம் மூடிய ஓர் ஆய்வகத்திலிருந்து கருவியை வாங்கி வந்தவர் எங்கள் முதலாளி. எல்லோருக்கும் அவர் பாய்தான். தரையில் சிந்திய பிளாஸ்டிக் குருணையைக்கூடக் குனிந்து பொறுக்குபவர். முதல் நாள் என் பின்னால் நின்று, "ஏம்மா இவ்ளோ மெதுவா ஆட்டறே? ஸ்பீடு ஜாஸ்தி பண்ணு" என்றார்.

வேகமாக அசைத்தால் எல்லா உருக்கும் ஒரே மாதிரி தெரியும், மெதுவாக அசைத்தால்தான் துளிகள் தங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று விளக்கினேன். விளக்கம் பாதியிலேயே என் தொண்டைக்குள் போய்விட்டது. பாய் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவும் உன்ன மாதிரியே. பக்கத்துல வந்து நின்னாதான் பேசறது கேக்குது."

மண்

துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்க ஒரு வழி உண்டு: புகைபோன்ற நுண்ணிய களிமண் தூளைச் சிறிது கலப்பது. மோல்டிங் மெஷினை ஓட்டும் ஜபார் அண்ணனிடம் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"களிமண்ணுண்ணா."

குடம் நன்றாகவே வந்தது. ஆனாலும் பொட்டலம் தீர்ந்த பிறகு இன்னொன்று வாங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜபார் அண்ணன் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "மண்ணப் போட்டாத்தான் குடம் நிக்கும்னா, மண்குடமே வாங்கிக்கலாமேம்மா!"

பச்சை மட்டும்

அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் குமார் அண்ணன் ஒருநாள் ஆட்டோவில் குடங்களோடு வந்து இறங்கினார். எல்லாம் கைப்பிடிப் பக்கம் உரிந்தவை. எல்லாம் பச்சை. "பௌர்ணமிக்குத் தண்ணிப் பந்தல் போடறவங்க வாங்கினது பாய். தூக்கினா கைப்பிடி மட்டும் வருது, குடம் அங்கியே நிக்குது."

அவர் போன பிறகு பாய் என் அறைச் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி காலையில் அவரே திறப்பாராம், மாலையில் அவரே பூட்டுவாராம். கருவியை விற்றுவிட்டால் அதோடு என் வேலையும் போகும். "இதக்கூட முன்னாடியே சொல்லலன்னா இந்த மெஷின் எதுக்கும்மா? ராணிப்பேட்டையில ஒருத்தர் இத வெலைக்குக் கேக்கறாரு. இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாக்கச் சொல்லிட்டேன்."

சிவப்பு விளக்கு

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு நாளும் ஒரு நிறம் ஓடும். வெள்ளிக்கிழமை பச்சை. மற்ற நாட்களில் முறை வைத்துச் சாப்பிடுவார்கள், மெஷின் நிற்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பாயும் ஜபார் அண்ணனும் தொழுகைக்குப் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். அந்த வார வெள்ளியும் அப்படித்தான். ஷெட்டில் சத்தமே இல்லை. மெஷினில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி சூடேற நேரமாகும் என்பது பாயின் உத்தரவு.

உள்ளே பச்சை உருக்கு சும்மா காத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. என் தட்டுகளுக்கு நடுவிலும் ஒரு பச்சைச் சொட்டை வைத்து, அசைக்காமல், அவர்கள் திரும்பும்வரை காக்கவைத்தேன். பிறகு மெல்ல அசைத்தேன். துளிகள் ஒன்றுகூடிவிட்டிருந்தன.

"பச்சைச் சாயத்துல தப்பில்ல பாய்" என்றேன். "காத்திருந்த உருக்குலதான். அதை வெளிய தள்ளிட்டு ஆரம்பிக்கணும்."

"நல்லா உருகினதக் கொட்டச் சொல்றியா? மறுபடி அரைச்சுக்கலாம், சரி. மனசு வரணுமே."

தொழுகைக்கு முன்னால் போட்ட குடம் ஒன்றையும், வந்தபின் முதலில் போட்ட குடம் ஒன்றையும் ஆறவைத்து ஜபார் அண்ணனிடம் நீட்டினேன். இரண்டின் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தார். "தொழுகைக்கு முன்னாடி போட்டது என் கையப் பிச்சுடும் போல இருக்குது பாய். இது வாழப்பழம், உரியுது."

பாய் உரிந்த குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளி

வந்தது. ராணிப்பேட்டைக்காரர் மத்தியானத்துக்கு மேல் வருவதாக இருந்தது. பாய் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக ஷெட்டுக்குள் வந்தார். மெஷினைத் தொடப்போன ஜபார் அண்ணனை விலக்கிவிட்டு, தானே பொத்தானை அழுத்தினார். பச்சை உருக்கு சுருண்டு சுருண்டு வெளியே வந்து தரையில் குவிந்தது. கடைசிச் சொட்டுவரை பார்த்துக்கொண்டு நின்றார். குனியவில்லை. ஹீட்டரை அணைத்தார். பிறகு என் அறைக்கு வந்து, ஜிப்பாப் பையிலிருந்து சாவியை எடுத்து என் மேஜைமேல் வைத்து, "இனிமே நீயே தொற, நீயே பூட்டு" என்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தொழுகைக்குப் போனார்.